டிவிக்கென்று வாங்கிய கார்டு

ஆகஸ்ட் 3, சனி

எங்கள் வீட்டு டிவிக்குச் சத்தம் செத்துவிட்டது. படம் நன்றாகத்தான் வருகிறது. அழுகிறார்கள், அறைகிறார்கள், மயங்கி விழுகிறார்கள். பேசுவது மட்டும் வாய்க்குள் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு பேசுவது போல இருக்கிறது. ஒலியை நூறில் வைத்தேன். நூறுக்கு மேல் இந்தப் பெட்டியில் எண் இல்லை.

மாலையில் அடுத்த வீட்டு ஞானதுரை சார் வாசலில் வந்து நின்றார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், மரியாதையான மனிதர். கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார்.

“ஆமா சார், மழை வார மாதிரிதான் இருக்கு” என்றேன்.

அவர் என் மனைவி செண்பகவல்லியைப் பார்த்தார். செண்பகம் உள்ளே போய் டிவியை அணைத்துவிட்டு வந்தாள்.

முப்பத்து மூன்று வருடம் ஸ்பின்னிங் மில்லில் ரிங் ஃபிரேம் பிரிவில் மேஸ்திரியாக இருந்தவன் நான். நூல் முறுக்கும் ஆயிரக்கணக்கான கதிர்கள் ஒரே நேரத்தில் சுற்றும் இரைச்சலில் எந்த மெஷினில் கோளாறு என்று சத்தத்தை வைத்தே சொல்வேன். “ஆவுடையப்பன் காது” என்று மேனேஜரே சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்ட காதுக்கு இந்த டிவி போதாது. ஐம்பத்தைந்து அங்குலம், கூடவே தனியாக ஒரு சவுண்ட்பார். முடிவு செய்துவிட்டேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

டிவிக் கடைக்குப் போனேன். இரண்டும் சேர்த்து அறுபத்து நான்காயிரம். அவ்வளவு ரொக்கம் வேண்டுமென்றால் வங்கியில் போட்டிருக்கும் டெபாசிட்டை உடைக்க வேண்டும். அதற்குச் செண்பகம் சம்மதிக்க மாட்டாள். உண்மையைச் சொன்னால் எனக்கும் மனசு வராது.

கடைக்காரர் மேசை மேலிருந்த விளம்பர அட்டையைக் காட்டினார். கிரெடிட் கார்டு இருந்தால் பன்னிரண்டு மாதத்தில் கட்டலாம், வட்டி கிடையாது. அட்டையில் இருந்த பெண் என்னைப் பார்த்துத்தான் சிரித்தாள்.

கிரெடிட் கார்டு என்றால் இதுவரை பத்தடி தள்ளியே நின்றிருக்கிறேன். ஆனால் வட்டியே இல்லாதபோது தள்ளி நிற்பதில் என்ன லாபம்?

ஆகஸ்ட் 6, செவ்வாய்

வங்கிக்குப் போனேன். பெனிட்டா என்று ஒரு பெண் அதிகாரி. கெட்டிக்காரி. ஆனால் இவளும் வாய்க்குள்ளேயே பேசுகிறாள்.

“சார், நீங்க கேக்குறது வட்டியில்லாத தவளை” என்றாள்.

“தவளையா?”

“தவளைதான் சார். மாசாமாசம் தவளை.”

வங்கிக்கும் தவளைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் விழித்ததைப் பார்த்து ஒரு தாளில் பெரிதாக எழுதிக் காட்டினாள்: தவணை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ணகரமும் ளகரமும் சுத்தமாக வருவதில்லை. அதன் பிறகு எல்லாவற்றையும் தாளில் எழுதியே விளக்கினாள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

மூன்று விதமான கார்டு. முதலாவதில் விமான நிலைய ஓய்வறைக்குள் இலவசமாகப் போகலாம். வருடக் கட்டணம் மூவாயிரம். நான் விமானத்தை வீட்டு மொட்டை மாடியில் இருந்துதான் பார்க்கிறேன். இரண்டாவது நல்ல கார்டு, ஆனால் சம்பளச் சீட்டு கேட்கிறது. மூன்றாவதுதான் எனக்கு. எண்பதாயிரம் டெபாசிட்டை உடைக்காமல் அப்படியே ஈடாக வைத்தால் எழுபத்திரண்டாயிரம் வரை செலவழிக்கலாம். டெபாசிட்டுக்கு வட்டி வந்துகொண்டே இருக்கும். ஆயுள் முழுக்கக் கட்டணம் இல்லை.

கடைசியாக ஒரு வரியை எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள்: ‘மினிமம் டியூ என்று ஒரு சின்னத் தொகை காட்டும். அதை நம்பாதீர்கள். முழுசாகக் கட்டுங்கள். இல்லாவிட்டால் மிச்சத்துக்கு வருடம் நாற்பது சதவீதம் வட்டி.’

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

செண்பகம் சமையலறையில் இருந்துகொண்டே வாட்ஸப்பில் ‘சாப்பிட வாங்க’ என்று அனுப்புகிறாள். பத்தடி தூரம். இந்த ஃபோன் பைத்தியம் எங்கே கொண்டுபோய் விடுமோ.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

மகள் கோயம்புத்தூரில் இருந்து கூப்பிட்டாள். சிவரஞ்சனிக்கு அங்கே ஒரு பம்ப் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. அவள் கூப்பிடுகிற நேரம் பார்த்துச் செண்பகம் மிக்ஸியில் இட்லிப் பொடி அரைக்க ஆரம்பித்தாள். கையைக் காட்டினேன். அவள் பார்க்கவே இல்லை.

அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. சிவரஞ்சனி ஸ்கூட்டர் வாங்கப் போகிறாள். “மூணு வருசமா” என்றாள், “நல்ல” என்றாள், “வீட்டுக்கு” என்றாள், “உங்க சம்மதம்” என்றாள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

“மூணு வருசம் பாத்தாச்சுன்னா அப்புறம் என்னம்மா யோசனை? எனக்கு முழுச் சம்மதம். எடுத்துக்கோ. வாரண்டி மட்டும் பாத்துக்கோ” என்றேன்.

“அப்பா, நான் சொன்னது கேட்டுச்சா?” என்று கத்தினாள்.

“நல்லா கேட்டுச்சு.”

விசும்பியது மாதிரி இருந்தது. லைன் சரியில்லை. ஃபோனை வாங்கிக்கொண்டு செண்பகம் கொல்லைப்புறம் போய்விட்டாள். திரும்பி வந்தபோது முகம் பளிச்சென்று இருந்தது. ஒரு ஸ்கூட்டருக்கு இத்தனை சந்தோஷமா!

ஆகஸ்ட் 23, வெள்ளி

கார்டு வந்துவிட்டது. நீல நிறம். என் பெயரை ஆங்கிலத்தில் முழுதாகப் பொறிக்க இடம் போதாமல் கடைசி எழுத்தை விட்டுவிட்டார்கள்.

அதை உயிர்ப்பிக்க ஒரு எண்ணைக் கூப்பிட வேண்டுமாம். கூப்பிட்டேன். மெஷின் பேசியது. ஐந்தை அழுத்தச் சொன்னதா ஒன்பதை அழுத்தச் சொன்னதா என்று தெரியவில்லை. இரண்டையும் அழுத்தினேன். வைத்துவிட்டது. நான்கு முறை இப்படியே. இவ்வளவு பெரிய வங்கி, ஒழுங்காகப் பேசுகிற ஒரு மெஷினை வாங்கக் கூடாதா?

நேரில் போனேன். பெனிட்டா என் கைபேசியிலேயே செயலியைத் திறந்து இரண்டு நிமிடத்தில் முடித்துக் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 26, திங்கள்

இன்று ஒரு நுட்பம் கண்டுபிடித்தேன். என் கார்டுக்கு ஒவ்வொரு மாதமும் பன்னிரண்டாம் தேதி பில் போடுகிறார்கள். பணம் கட்ட அதிலிருந்து இருபது நாள் அவகாசம். பதினொன்றாம் தேதி வாங்குகிறவனுக்கு மறுநாளே பில் வந்துவிடும். பதின்மூன்றாம் தேதி வாங்குகிறவனுக்கு அடுத்த மாதம் பன்னிரண்டு வரை பில்லே கிடையாது. கட்டுவதற்கு ஏறக்குறைய ஐம்பது நாள். அதே பொருள், அதே விலை, தேதி மட்டும்தான் வேறு.

செண்பகத்திடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஏதோ முணுமுணுத்தாள். பாராட்டித்தான் இருப்பாள்.

செப்டம்பர் 13, வெள்ளி. டிவி வாங்கும் நாள். காலண்டரில் வட்டம் போட்டுவிட்டேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

காலையில் செண்பகத்திடம் இருந்து வாட்ஸப்: ‘அடுத்த ஞாயிறு சபரிநாதன் வீட்டிலிருந்து வருகிறார்கள். வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வையுங்கள்.’

“சபரிநாதன் யாரு?” என்று கேட்டேன்.

அவள் கரண்டியோடு வந்து என் முன்னால் நின்றாள். கத்தத்தான் செய்தாள்.

“உங்க மக கட்டிக்கிடப் போற பையன். கோயம்புத்தூர்க்காரன். அவ கம்பெனியிலதான் வேலை பாக்கான். மூணு வருசப் பழக்கம். வேற ஆளுக. எல்லாத்தையும் உங்ககிட்ட ஃபோன்ல சொன்னாள்லா? முழுச் சம்மதம்னு நீங்கதான சொன்னிய?”

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்லுங்க” என்றாள். “இப்பவும் ஒண்ணும் ஆகல. அவளைக் கூப்பிட்டு, அப்பாக்கு அன்னைக்குக் காது கேக்கல, அதான் சரின்னுட்டாருன்னு சொல்லிருதேன்.”

“எனக்கு எல்லாம் கேக்கு” என்றேன்.

“அப்ப சட்டையைத் தேச்சு வையுங்க.”

குறிப்பு: நான் சம்மதம் சொல்லியிருக்கிறேன். என் காதுக்கு ஒன்றும் இல்லை. ஆகையால் யோசித்துத்தான் சொல்லியிருப்பேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

ஸ்கூட்டர் இல்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

வந்தார்கள். பையன், அவன் அம்மா, ஒரு சித்தப்பா. சிவரஞ்சனியும் முந்தின நாளே வந்திருந்தாள். பையனுக்கு அப்பா இல்லை. ஆள் ஒல்லி, கண்ணாடி, நெற்றியில் சின்னதாகத் திருநீறு. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. உதடு லேசாக அசைந்துகொண்டே இருந்தது. கூச்சம் போலிருக்கிறது.

நான் என் கடமையைச் சரியாகச் செய்தேன். எல்லோரும் தலையாட்டும்போது தலையாட்டினேன். எல்லோரும் சிரிக்கும்போது சிரித்தேன். ஒருமுறை மட்டும் அவர்கள் முடித்த பிறகு சிரித்துவிட்டேன்.

காப்பி குடித்து முடித்ததும் பையன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான். உதடு அசைந்தது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். சிவரஞ்சனி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

என்ன கேட்டிருப்பான்? சீர் வரிசையா? தேதியா? எதுவானாலும் பொதுவாக ஒரு பதில் சொல்லிவிட்டால் தப்பில்லை என்று நினைத்தேன்.

“பாப்போம்” என்றேன்.

பையனின் அம்மா முகம் வாடிவிட்டது. சித்தப்பா கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டார்கள். சிவரஞ்சனி மாலை பஸ்ஸுக்கே கோயம்புத்தூர் போய்விட்டாள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லியிருக்கவும் கூடும்.

செப்டம்பர் 9, திங்கள்

செண்பகத்திடம் இருந்து வாட்ஸப் வந்தது. அவள் அப்போது என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள்.

‘அந்தப் பையன் கேட்டது: மாமா, உங்களுக்கு மனசாரச் சம்மதமா? நீங்கள் சொன்னது: பார்ப்போம்.’

செப்டம்பர் 10, செவ்வாய்

டிவிக் கடைக்குப் போனேன். வெள்ளிக்கிழமை எடுக்க வேண்டியதை ஒரு தடவை ஓடவிட்டுப் பார்க்கலாம் என்று. கடைக்காரர் சவுண்ட்பாரை இணைத்துச் செய்தி வைத்தார். படம் சுவர் அளவுக்கு இருந்தது. செய்தி வாசிக்கிற பெண்ணின் கம்மல் கல்லைக்கூட எண்ணலாம். ஆனால் இவளும் கொழுக்கட்டை.

“இன்னும் கூட்டுங்க.”

கூட்டினார்.

“இன்னும்.”

வாஷிங் மெஷின் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போனது. கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. கடைக்காரர் டிவியை நிறுத்தினார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பக்கத்தில் வந்து காதோடு சேர்த்துச் சொன்னார்.

“அண்ணாச்சி, உங்ககிட்ட யாவாரம் பண்ண எனக்கு ஆசைதான். ஆனா இந்த டிவியில கோளாறு இல்ல. உங்க வீட்டு டிவியிலயும் கோளாறு இருக்காதுன்னு நினைக்கேன்.”

நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன். என்ன மரியாதையில்லாத கடை.

செப்டம்பர் 12, வியாழன்

நாள் முழுக்க ஒன்றையே யோசித்துக்கொண்டிருந்தேன். நான் வேண்டாம் என்று சொல்லியிருப்பேனோ, சரி என்று சொல்லியிருப்பேனோ, அது வேறு. ஒருத்தன் என் வீட்டுக்கு வந்து, என் மகளைப் பற்றி ஒரு மணி நேரம் என்னிடம் பேசியிருக்கிறான். அதில் ஒரு வார்த்தைகூட என்னிடம் இல்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

வட்டம் போட்ட நாள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கார்டோடு கிளம்பினேன். “டிவி எடுக்கப் போறேன்” என்றேன். செண்பகம் நிமிர்ந்து பார்க்கவில்லை.

டிவிக் கடைத் தெருவிலேயே, நான்கு கடை தள்ளி மாடியில் ஒரு போர்டு உண்டு. பெரிய காது ஒன்று வரைந்திருக்கும். சும்மா ஏறிப் பார்த்தேன்.

ஒரு அம்மா என்னைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்ஃபோனை மாட்டி, கையில் பொத்தான் ஒன்றைக் கொடுத்தார். சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும் என்று தாளில் எழுதிக் காட்டினார். நான் தயாராக உட்கார்ந்திருந்தேன். ஆரம்பிக்கவே இல்லை. நெடு நேரம் கழித்து எங்கோ மெல்லிசாக ஒன்று கேட்ட மாதிரி இருந்தது, அழுத்தினேன். மறுபடியும் காத்திருந்தேன். கதவைத் திறந்துகொண்டு அவர் வந்தார்.

“எப்பம்மா ஆரம்பிப்பீங்க?” என்று கேட்டேன்.

“முடிஞ்சிருச்சு ஐயா. இருபது நிமிஷமாச்சு.”

வரைபடத்தைக் காட்டினார். கீச்சென்ற ஒலிகள் இருக்க வேண்டிய பக்கத்தில் கோடு கிணற்றுக்குள் விழுந்தது போல இறங்கியிருந்தது. “மில்லுல வேலையா?” என்று கேட்டார். எப்படித் தெரியும் என்றேன். கோடே சொல்கிறது என்றார்.

இரண்டு காதுக்கும் சேர்த்து ஐம்பத்தேழாயிரத்து அறுநூறு. பன்னிரண்டு மாதத் தவணை, மாதம் நாலாயிரத்து எண்ணூறு, வட்டி இல்லை. கார்டைக் கொடுத்தேன். டிவிக்கு இனி கார்டில் இடமில்லை. தேதி பதின்மூன்றுதான் என்பதால் என் கணக்கு தப்பவில்லை.

வீட்டில், “டிவி ஸ்டாக் இல்லையாம்” என்றேன். பொய் சொல்லவில்லை. கேட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

செப்டம்பர் 18, புதன்

மாட்டிவிட்டார்கள். காதுக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவுக்கு ஒன்று, அதிலிருந்து உள்ளே ஒரு நூல். முடியை இழுத்து வாரினால் தெரியாது.

படியிறங்கும்போது யாரோ பின்னாலேயே வந்தார்கள். நின்று திரும்பினேன். யாருமில்லை. என் செருப்புதான்.

ஆட்டோ, குருவி, பால்காரர் மணி, ஒருத்தர் தொண்டையைச் செருமுவது, பொட்டலத்தைப் பிரிப்பது. உலகம் இவ்வளவு இரைச்சலாக இருக்கிறது, எல்லோரும் எப்படிச் சும்மா இருக்கிறார்கள்? வீட்டு டிவியை இருபதில் வைத்தேன். தெளிவாகப் பேசினார்கள். கதை சகிக்கவில்லை.

செண்பகத்திடம் சொல்லவில்லை. கொஞ்ச நாள் சோதனை ஓட்டம்.

செப்டம்பர் 19, வியாழன்

செண்பகம் பேசுகிறாள்! நாள் முழுக்கப் பேசுகிறாள். இத்தனை நாள் அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள் என்றல்லவா நினைத்திருந்தேன். சத்தத்தை மட்டும்தான் குறைத்திருக்கிறாள்.

இன்று எனக்குக் கிடைத்தவை: ‘எருமை மாடு மாதிரி வழியிலயே நிக்கிறது’, ‘கார்டாம் பெரிய கார்டு’, ‘பதின்மூணாம் தேதியைக் கண்டுபிடிச்ச விஞ்ஞானி’. சாம்பாரை ஊற்றிவிட்டு, “இதுலயும் உப்பில்லன்னு சொல்லுவாரு, சொல்லட்டும்” என்றாள். நான் அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

காலையில் மகளோடு ஃபோன் பேசினாள். நான் அடுத்த நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கேட்காது என்ற தைரியத்தில் எழுந்துகூடப் போகவில்லை.

“தப்பு எம்மேலதாண்டி. அன்னைக்கு நீ சொல்லும்போது நாந்தான் மிக்ஸியைப் போட்டேன். அவருக்குக் கேட்டா வேண்டாம்னு குதிப்பாரு, கேக்கலைன்னா சரின்னு சொல்லிருவாரு, பொறவு வாக்கை மாத்த ரோசம் விடாதுன்னு கணக்குப் போட்டேன்.”

பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், “அவசரப்பட்டு அந்தப் பையன்கிட்ட வேண்டாம்னு சொல்லிறாத. அப்பா மனசாரச் சொல்லாம கட்டிக்கிட மாட்டேன்னா, அவர் எந்தக் காலத்துல எதைக் கேட்டு மனசாரச் சொல்லப் போறாரு?” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பேப்பரின் அதே பக்கத்தை அரை மணி நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். என்னை வைத்து என் வீட்டிலேயே நாடகம் போட்டிருக்கிறார்கள். கோபம் வந்தது. ஆனால் செண்பகத்தின் கணக்கில் ஒரு பிழைகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை.

“நாளைக்கு மதுரைக்குப் போறேன், மில்லு சேக்காளி ஒருத்தனைப் பாக்கணும்” என்றேன்.

“போங்க, போங்க” என்றாள். மெதுவாக, “ஒரு நாளாவது வீடு நிம்மதியா இருக்கும்” என்றாள்.

செப்டம்பர் 21, சனி

விடியற்காலை பஸ். கோயம்புத்தூர் சேர மதியமாகிவிட்டது. சிவரஞ்சனியின் ஹாஸ்டலுக்குப் பக்கத்து பேக்கரியில் உட்கார்ந்துகொண்டு ஃபோன் செய்தேன். ஓடி வந்தாள்.

“என்னாச்சுப்பா? அம்மாவுக்கு ஒண்ணுமில்லையே?” என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

“மெதுவா பேசு. ஏன் கத்துற?”

அவள் என்னைப் பார்த்தாள். காதைப் பார்த்தாள். கையை நீட்டி முடியை ஒதுக்கிப் பார்த்தாள். அப்படியே எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“அன்னைக்கு ஃபோன்ல சொன்னதை இப்ப சொல்லு” என்றேன்.

“அம்மா சொல்லிட்டாங்களா?”

“அம்மாக்கு இந்தக் காது மெஷின் விஷயம் இன்னும் தெரியாது. நீ சொல்லு.”

சொன்னாள். முதலில் இருந்து சொன்னாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்கு டைஃபாய்டு வந்தபோது அவன் அம்மாதான் பதினைந்து நாள் கஞ்சி கொடுத்து அனுப்பியிருக்கிறாள். அதை எங்களிடம் சொல்லவே இல்லை. அவன் அதிர்ந்து பேச மாட்டான், ஆனால் சொன்னதைச் செய்வான் என்றாள். என் மகளின் குரல் இப்படி இருக்கும் என்பதையே மறந்திருக்கிறேன். பேசும்போது நடுவில் மூச்சை இழுத்துக்கொள்கிறாள், அவள் அம்மாவைப் போலவே.

“எனக்கு பயமா இருந்துச்சுப்பா. நீங்க வேண்டாம்னு சொல்லிருவீங்கன்னு.”

“சொல்லியிருப்பேன்” என்றேன். “அன்னைக்குக் கேட்டிருந்தா, முழுசா கேக்கிறதுக்கு முன்னாடியே சொல்லியிருப்பேன்.”

“வாரண்டின்னு சொன்னீங்களே, நான் நீங்க கேலி பண்றீங்கன்னுல்லா நினைச்சேன்.”

“ஸ்கூட்டர்னு நினைச்சேன்மா.”

ஒரு நொடி விழித்தாள். பிறகு அவள் சிரித்த சிரிப்பில் பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்தார். எனக்கும் அடக்க முடியவில்லை.

பையனை வரச் சொன்னாள். வந்தான். குரல் மெலிசுதான், ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக இருந்தது.

“வாங்க மாமா. சாப்டீங்களா?”

என்ன கேட்பது என்று யோசித்தேன். சம்பளம், சொத்து, இதெல்லாம் செண்பகம் எப்போதோ கேட்டிருப்பாள்.

“கிரெடிட் கார்டு வச்சிருக்கியா?”

“ஒண்ணு இருக்குதுங்க.”

“பில் வந்தா மினிமம் டியூ கட்டுவியா, முழுசா கட்டுவியா?”

“முழுசாத்தானுங்க. கட்ட முடியாததை வாங்கறதில்லைங்க.”

சட்டைப் பையில் இருந்து என் ரசீதை எடுத்துக் கொடுத்தேன். படித்துப் பார்த்தான். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்குவது தெரிந்தது.

“சொல்லு.”

“வட்டி இல்லைன்னு போட்டிருக்காங்க, ஆனா முழுசா இல்லைன்னு சொல்ல முடியாதுங்க மாமா. வட்டியைக் கடைக்காரங்க தள்ளுபடியாக் கழிச்சிருப்பாங்க. அந்த வட்டி மேல வர்ற ஜிஎஸ்டி உங்க பில்லுல வருமுங்க. அப்பறம் ப்ராசஸிங் ஃபீஸ். எல்லாஞ் சேர்ந்து வருசத்துக்கு ஆயிரம் ரூபாய் பக்கம் ஆகுமுங்க. மொத்தமாக் குடுத்திருந்தா விலையில கொறச்சிருப்பாங்களான்னு கேட்டீங்களா?”

கேட்கவில்லை. பெண் பார்க்கிற இடத்தில் மாமனாரின் கணக்கைத் திருத்துகிறான். வேறு ஒருவனாக இருந்தால் ‘நல்லாப் பண்ணியிருக்கீங்க மாமா’ என்று சொல்லித் தப்பியிருப்பான்.

“அன்னைக்கு என் வீட்டுல ஒண்ணு கேட்டியே, அதைத் திரும்பக் கேளு” என்றேன்.

சிவரஞ்சனியைப் பார்த்தான். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டான்.

“உங்களுக்கு மனசாரச் சம்மதங்களா மாமா?”

“சம்மதம்” என்றேன். “உங்கம்மாகிட்டயும் நானே வந்து சொல்லுதேன். அவங்களை அன்னைக்கு வருத்தப்பட வச்சிட்டேன்.”

அந்த அம்மா வீட்டில் எனக்கு இரண்டு முறை பாயசம் ஊற்றினார்கள். போதும் என்று நான் சொன்னது அவர்களுக்குக் கேட்கவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

காலையில் வீட்டுக்குள் நுழைந்தேன். செண்பகம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, ரொம்ப மெதுவாகச் சொன்னாள்.

“மதுரைக்குப் போறேன்னு சொல்லிட்டு கோயம்புத்தூர்ல பாயசம் குடிச்சிட்டு வாராரு மகராசன்.”

“பாயசத்துல முந்திரி தூக்கல்” என்றேன்.

கத்தி நின்றது. மகள் ஃபோனில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள், காதைப் பற்றியும். ஆனாலும் சோதித்துப் பார்க்காமல் இருக்க அவளால் முடியவில்லை. திரும்பி வந்து, முடியை விலக்கி, இரண்டு காதையும் பார்த்தாள்.

“எப்பத்துல இருந்து?”

“புதன்கிழமை.”

“அப்ப வியாழன், வெள்ளி நான் பேசினதெல்லாம்?”

“விஞ்ஞானி வரைக்கும் கேட்டேன்.”

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள், துடைத்து முடித்த பிறகும்.

“மார்ச் மாசம் உங்ககிட்ட ஒண்ணு சொன்னேன். மார்ல கட்டி மாதிரி தட்டுப்படுது, ஆஸ்பத்திரிக்குக் கூட வாறியளான்னு கேட்டேன். நீங்க, சட்னிக்குத் தேங்கா போட்டு அரைச்சிருன்னு சொல்லிட்டு வெளிய கிளம்பிட்டிய.”

எனக்கு அப்படி ஒரு நாள் நினைவிலேயே இல்லை.

“திரும்பச் சொல்லியிருக்கலாம்லா?”

“அதை எப்படிங்க கத்திச் சொல்ல முடியும்? தெருவுக்கே கேக்கும். ஞானதுரை சார் வீட்டு அக்காவைக் கூட்டிக்கிட்டுப் போனேன். ஊசி போட்டு எடுத்துப் பாத்தாவ. வெறும் நீர்க்கட்டிதான், பயப்பட ஒண்ணுமில்லன்னுட்டாவ.” கீழே கிடந்த வெங்காயத் தோலைப் பொறுக்கினாள். “அந்த ரிப்போர்ட் வாரதுக்கு ஒம்பது நாளாச்சு.”

அந்த ஒன்பது நாளும் நான் இந்த வீட்டில்தான் இருந்திருக்கிறேன். என் பழைய குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தேன். மார்ச் மாதம் முழுக்கத் தண்ணீர்த் தொட்டி கழுவியதும் மின்வெட்டும்தான் எழுதியிருக்கிறேன்.

ரிப்போர்ட்டைக் கேட்டேன். பீரோவில் சேலைக்கு அடியில் இருந்து எடுத்து வந்தாள். நான்கு பக்கம். புரிந்தது, புரியாதது எல்லாவற்றையும் ஒரு வரி விடாமல் படித்தேன். பழைய மடிப்பிலேயே மடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

“இன்னும் என்னெல்லாம் சொன்ன?” என்று கேட்டேன்.

“நிறைய இருக்கு.”

“சொல்லு.”

“வெங்காயம் காஞ்சிரும்.”

“காயட்டும்.”

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு பழக்கத்தில் குரலை உயர்த்தினாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

“மெதுவாவே சொல்லு” என்றேன்.